மாப்பிள்ளையை ப்ரோ என்று கூப்பிட்டவன்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ப்ரோதான். மேலாளர் ப்ரோ, மேலாளருக்கு மேலே இருப்பவர் ப்ரோ, ஏதாவது கணினி நின்றுபோனால் வந்து பார்க்கிறவரும் ப்ரோ. எங்கள் டீம் லீடர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். அவரும் ப்ரோதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னைப் பார்த்து, "ப்ரோ, உங்க சீட் அந்த ஜன்னலோரமுங்க" என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர் கேன் மட்டும்தான் இருந்தது. அவர் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பள்ளியில் நான் 'டேய் கடைசி பெஞ்சு'. கல்லூரி அலுவலகத்தில் 'ஸ்காலர்ஷிப் தம்பி'. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். அவரைவிட இருபது வயது சின்னவரான சூப்பர்வைசருக்கும் அவர் 'யோவ்'தான். அப்பாவின் அப்பா வெள்ளானூரில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒருவரைக் கூப்பிடுகிற சொல்லிலேயே அவர் உட்காரலாமா நிற்க வேண்டுமா என்று முடிவாகிவிடும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்படிப்பட்டவன் காதில் ப்ரோ விழுந்தால் எப்படி இருக்கும்? அன்று மாலை ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறும்போது டிரைவரிடம், "வெள்ளானூர் போவுமா ப்ரோ" என்று கேட்டேன். "ஏறு ப்ரோ" என்றார். வீடு வரும்வரை மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் வேலை விசித்திரமானது. வீட்டுக்குச் சாமான் கொண்டு வந்து தருகிற ஒரு கம்பெனிக்கு அதன் வாடிக்கையாளர்கள் போனில் எழுதி அனுப்பும் செய்திகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்புப் போட வேண்டும். இது கோபம், இது கெஞ்சல், இது நன்றி, இது சும்மா கேள்வி. நாங்கள் போடும் குறிப்பைப் பார்த்துப் பார்த்து ஒரு மெஷின் தமிழ் ஆட்களின் மனநிலையைக் கற்றுக்கொள்ளும். பிறகு அதுவே பதில் போடும். இந்த மெஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. ப்ரோ என்று வந்துவிட்டால் போதும், உடனே 'நட்பு' என்று முடிவு கட்டிவிடும். ஒருவருக்கு உடைந்த கேஸ் அடுப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர், "சூப்பர் ப்ரோ. ரொம்ப நன்றி ப்ரோ. நல்லா இருங்க ப்ரோ" என்று எழுதியிருந்தார். மெஷின் அவருக்கு ஒரு சிரிப்புப் பொம்மையும் 'மீண்டும் வருக'வும் அனுப்பிவிட்டது. அதன் பிறகு அந்த மனிதர் எழுதியதை இங்கே எழுத முடியாது. அதிலும் நான்கு ப்ரோ இருந்தது.

லீடர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த ப்ரோவை என்னங்க பண்றது ப்ரோ?" என்று பொதுவாகக் கேட்டார். நான்தான் கையைத் தூக்கினேன்.

"ப்ரோவுக்கு என்னென்ன அர்த்தம்னு ஒரு லிஸ்ட் போட்டுடலாம் ப்ரோ."

"நீங்களே போடுங்க ப்ரோ. அடுத்த செவ்வாய்க்கு வேணும்."

இவ்வளவுதான் பேச்சு. எனக்கோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது போல இருந்தது. அகராதிகளை எழுதியவர்கள் எல்லாம் பெரிய பெரிய படிப்பாளிகள். நான் ஒரே ஒரு சொல்லுக்கு எழுதப் போகிறேன். ஆனாலும் அது என் சொல்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு கிளம்பினேன். எத்தனை கிடைத்தது தெரியுமா? ஷேர் ஆட்டோவில், "ப்ரோ ப்ரோ ப்ரோ" என்று மூன்று தடவை வேகமாகச் சொன்னால், தள்ளி உட்காருங்கள் என்று அர்த்தம். கடைசி எழுத்தை இழுத்து "ப்ரோஓஓ" என்றால் கெஞ்சல். அதையே தலையை ஆட்டிக்கொண்டு இழுத்தால், உன்னை நம்பிக் கெட்டேன் என்று அர்த்தம். "இல்ல ப்ரோ" என்று ஆரம்பித்தால் எதிராளி சொன்னதை இனி அவர் ஏற்கப் போவதில்லை. "ஓகே ப்ரோ" என்பது பெரும்பாலும் ஓகே இல்லை. வெறுமனே "ப்ரோ" என்று சொல்லி நிறுத்தி, முகத்தையே பார்த்தால் சண்டை வரப் போகிறது, நகர்ந்து நிற்பது நல்லது. முகப்பேரில் ஒரு ஜூஸ் கடையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "ப்ரோ, அவன் என்ன சொன்னான் தெரியுமா ப்ரோ?" அங்கே ப்ரோ என்றால், அடியே. அதை அங்கேயே நின்று எழுதிக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம்.

நோட்டின் எதிர்ப் பக்கத்தில் மற்ற சொற்கள். ப்ரோவுக்குப் பதிலாக எதை எங்கே போடலாம், எங்கே போட்டால் அடி விழும். தல என்றால் கொஞ்சம் பாராட்டு ஒட்டியிருக்கிறது. பாஸ் என்பவரிடம் நமக்கு ஏதோ வேலை ஆக வேண்டியிருக்கிறது. ஜி என்று கூப்பிடுகிறவர் நம்மைத் தள்ளியே வைத்திருக்கிறார். அண்ணாத்தே என்று பழைய ஆட்டோக்காரர்கள்தான் கூப்பிடுகிறார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். நைனா என்று காய்கறி வண்டிக்காரர் கூப்பிட்டால் வெண்டைக்காய் கொஞ்சம் முற்றல். மாமே என்றால் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டாகிவிட்டது. மச்சான்தான் எல்லாவற்றிலும் கஷ்டமான சொல். முன்பின் தெரியாதவனை மச்சான் என்றால், எந்த வழியில் என்று கேட்பான். அவன் வீட்டுப் பெண்ணுக்கும் நமக்கும், இல்லை நம் வீட்டுப் பெண்ணுக்கும் அவனுக்கும் ஒரு கதவு திறந்து இருக்கிறது என்று அர்த்தம். அண்ணா என்பது அந்தக் கதவைச் சாத்துகிற சொல். கல்லூரியில் ஒரு பெண் ஒருவனை 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டால் அவன் அன்று மதியம் சாப்பிட மாட்டான்.

இதையெல்லாம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதியும் என்ன பிரயோஜனம்?

அந்த வாரந்தான் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள். நான் படித்த வழியைப் பிடித்துக்கொண்டு அவளும் படித்து, ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். வாய் ஜாஸ்தி. என்னை 'டேய் அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதையையும் அது இல்லாததையும் ஒரே மூச்சில் தந்துவிடுவாள். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறார். அங்கே கூட வேலை செய்கிற அம்மா ஒருவர் மூலமாக இந்த இடம் வந்தது. மாப்பிள்ளை நசரத்பேட்டை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஏசி மெக்கானிக் வேலை. அப்பா இல்லை. அவருடைய அம்மா நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிபன் கடை வைத்து அவரை வளர்த்திருக்கிறார்.

இதற்கு முன் வந்த மூன்று இடத்தையும் தங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த மாப்பிள்ளை, இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்தே, அவளோடு ஒரு முறை போனில் பேசினார். பேசி முடித்துவிட்டு வந்து, "எனக்கு ஓகே" என்றாள்.

"இன்னாடி கேட்டான்?" என்றார் அம்மா.

"எங்க லேப்ல ஏசி எத்தினி டன்னுன்னு கேட்டாரு."

"அது ஒரு கேள்வியா?"

"மூணு பேர் வந்தானுங்க. சமைப்பியா, பாடுவியான்னானுங்க. ஒருத்தனாவது நான் வேல செய்ற எடத்த பத்திக் கேட்டானா? இவரு ஏசியயாவது கேட்டாருல்ல."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. என் தங்கை ஒரு விஷயத்தை இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வழி சொல்வதற்காக மாப்பிள்ளையின் எண்ணை என்னிடம் கொடுத்தார்கள். 'ப்ரோ, லொகேஷன் அனுப்பி இருக்கேன்' என்று போட்டேன். 'தேங்க்ஸ் ப்ரோ' என்று வந்தது. பிறகு கிரிக்கெட், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டுகிற பிரச்சினை, அவருடைய பைக் மைலேஜ் என்று இரண்டு நாளில் நாற்பது ஐம்பது செய்தி போய்விட்டது. ஒவ்வொன்றிலும் ப்ரோ. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா, தாய்மாமா மனைவி. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் கை கூப்பினார். பெண்ணுக்கு அண்ணன் என்ற முறையில் மாப்பிள்ளையை நான்தான் உள்ளே அழைத்துக்கொண்டு வர வேண்டும்.

"வாங்க ப்ரோ, உள்ள வாங்க ப்ரோ."

"இருக்கட்டும் ப்ரோ."

"ஃபேன ஃபுல்லா வெக்கட்டா ப்ரோ?"

அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். "ரெகுலேட்டர் போயிருக்கு ப்ரோ. அப்பால பாத்துத் தரேன்."

அவர் அம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனாலும் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

"ரெண்டு பேரும் இன்னா கூப்டுக்கிறீங்க?" என்றார்.

"ப்ரோன்னு, ம்மா" என்றார் மாப்பிள்ளை.

"என் கடைல நாள் முச்சூடும் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? பிரதரு. பொண்ணோட அண்ணன் உனக்கு அண்ணன் தம்பின்னா, உள்ள கீற பொண்ணு உனக்கு இன்னா மொறடா ஆவணும்?"

தாய்மாமா மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சகுனம் என்று அவர் முணுமுணுத்தது கேட்டது. அப்பா மட்டும், "ஆபீஸ் பழக்கம்மா, தப்பா எட்துக்காதீங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அம்மா கண்ணால் என்னை உள்ளே போகச் சொன்னார். நானும் உள்ளே போனேன். போய், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அன்றைக்கு ஏதோ நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். "ஆன்ட்டி, இப்ப ப்ரோன்னா அண்ணன் தம்பின்னு மட்டும் அர்த்தம் இல்ல. நான் இதப் பத்தித்தான் ஆபீஸ்ல எழுதிகினு கீறேன். மொத்தம் பத்தொம்போது அர்த்தம்" என்று அவருக்கு எதிரே நின்று படிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதைப் படித்தேன்: "பேர் தெரியாத ஆளைக் கூப்பிட."

"பேர் தெரியாத ஆளா என் புள்ள?" என்றார் அவர்.

தங்கை காபித் தட்டோடு வந்து நின்றாள். எல்லோரும் குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத நோட்டு வேண்டாம்.

அவர்கள் வண்டி திரும்பும்வரை தங்கை ஜன்னலிலேயே நின்றாள். பிறகு வந்தாள்.

"டேய் அண்ணா. அவங்கள இன்னான்னு கூப்ட்ட?"

"ஆன்ட்டின்னு."

"அத்தேன்னு கூப்பிட வாய் வரல. மாப்ளன்னு கூப்பிட வாய் வரல. பத்தொம்போது அர்த்தம் மட்டும் வருது."

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் காபி டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனாள்.

அன்று மாலை மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது: 'சாரி ப்ரோ'. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'சாரி' என்று மட்டும் வந்தது.

செவ்வாய்க்கிழமை பட்டியலைக் கொடுத்தேன். லீடர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். ஜூஸ் கடை ப்ரோவுக்குக் கை தட்டினார்கள். மெஷினுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம், உங்கள் பேரைப் போட்டே அனுப்புகிறேன் என்றார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

புதன்கிழமை அம்மா கேன்டீனிலிருந்து ஒரு சேதியோடு வந்தார். வருகிற ஞாயிறு அவர்கள் பூந்தமல்லியில் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்களாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல வண்டிய எடு."

"எங்க?"

"நசரத்பேட்ட."

"பொண்ணு, மாப்ள ஊட்டுக்குப் போறதா? கேக்கவே அசிங்கமா கீது."

"ஊட்டுக்கு யாரு போறா? அவங்க வெச்சிருக்கறது டிபன் கட. நான் இட்லி துன்னப் போறேன்."

கடை என்றால் யாரும் போகலாம்தானே.

மறுநாள் அவள் லேபுக்குப் போவது போலவே கிளம்பினாள். நானும் அலுவலகத்துக்குப் போவது போலவே கிளம்பினேன். ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி. காலைக் காற்று, எதிரே கம்பெனி வேன்கள், பின்னால் உட்கார்ந்துகொண்டு இவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

"மாப்ள சொல்லு."

"மாப்ள."

"கடைல பிஸ்கட் கேக்கற மாறி சொல்லாத. மறுக்கா."

"மாப்ள."

"இன்னும் கொஞ்சம் அயுத்தி."

ஹெல்மெட்டுக்குள் "மாப்ள, மாப்ள" என்று கத்திக்கொண்டே ஏரிக்கரையைத் தாண்டினேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர், "இன்னா ப்ரோ, போன்ல டவர் இல்லியா?" என்று கேட்டார். தங்கை என் முதுகில் குத்திச் சிரித்தாள். பயம் போய்விட்டது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒரு துள்ளல் வந்துவிட்டது எனக்கு. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பறந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் நாற்பதில்தான் போனோம்.

கடை தகரக் கூரை போட்ட சின்னக் கடை. வேனுக்குக் காத்திருக்கிற கம்பெனிப் பையன்கள், லாரிக்காரர்கள், யாரோ இரண்டு நர்சுகள். மாப்பிள்ளையின் அம்மா இட்லிக் கொப்பரைக்கு எதிரே நின்றார். வேலைக்குப் போகும் முன் அம்மாவுக்கு உதவியாக மாப்பிள்ளை தட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். நாலா பக்கமும், "ப்ரோ, ஒரு செட் பூரி", "ப்ரோ, சட்னி", "ப்ரோ, கை கழுவத் தண்ணி". போன வாரமாக இருந்தால் நான் நோட்டை எடுத்திருப்பேன். மாப்பிள்ளை எங்களைப் பார்த்துவிட்டார். பூரித் தட்டு அவர் கையிலேயே நின்றது. அந்தப் பூரியைக் கேட்டவர், "ப்ரோ?" என்றார்.

தங்கை நேராகப் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். கடை முழுக்கக் கேட்கும்படி, "அத்தே, நாலு இட்லி. வடகறி கீதா?" என்றாள்.

கொப்பரை மூடி பாதியில் நின்றது. ஆவி அவர் முகத்தை மறைத்தது.

"இன்னான்னு கூப்ட்ட?"

"அத்தேன்னு."

"இன்னும் ஒண்ணும் முடிவாவலயே."

"முடிவானாதான் கூப்பிடணும்னா, அதுக்குள்ள இட்லி ஆறிடும் அத்தே."

ஒரு லாரிக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா நான்கு இட்லியை எடுத்து வைத்து, வடகறியை ஊற்றி, தானே கொண்டுவந்து அவள் எதிரே வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை, நின்றார்.

"எங்கண்ணன் ப்ரோன்னு கூப்ட்டது தப்புத்தான் அத்தே," என்றாள் தங்கை. "உங்க புள்ளயும் கூப்ட்டாரு, அதுல பாதித் தப்பு அவருது. ரெண்டு ஆம்பளங்க வாய்க்கு நான் இன்னா பண்ணுவேன்? நான் யாரையும் ப்ரோன்னு கூப்டலயே."

"ப்ரோன்னு கூப்ட்டா இன்னா இப்போ?" என்றார் அவர். "ரோட்ல போற நாயக்கூட ப்ரோன்றானுங்க. அதுக்கா நான் எழுந்து வந்தேன்?"

நாங்கள் இருவரும் விழித்தோம். அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோபம் அப்படியே இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தவள எதுர்ல நிக்க வெச்சி, நோட்டு எட்துகினு வந்து பாடம் நடத்தற. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைக்கு லைசென்ஸ் வாங்கப் போனா அங்க கீறவன் பேப்பரப் படிச்சிக் காட்டுவான், இப்டித்தான், தல நிமிராம. இனிமே சம்மந்தி ஊட்லயும் படிச்சிக் காட்டுவாங்களா?"

அந்தப் படிக்கிற குரலை எனக்குத் தெரியும். பள்ளியில் என்னைச் சேர்த்த அன்று, அங்கிருந்தவர் படிவத்தைத் தலை நிமிராமல் படிக்க, எதிரே என் அப்பா கை கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான் நின்றேன். அதே வேலையைத்தான் ஞாயிற்றுக்கிழமை நான் செய்திருக்கிறேன், அதுவும் என் அப்பா பார்த்துக்கொண்டிருக்க. நான்கு நாளாக ஒரு சொல்லைக் குற்றவாளியாக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

"தப்புதான் அத்தே," என்றேன். பழகிப் பார்க்காத சொல் அது. ஏரிக்கரையில் மாப்ளயைத்தான் பழகினோம். தானாகவே வந்தது. "பெருமைல பண்ணிட்டேன். எங்க அப்பா அம்மாக்கும் படிக்கத் தெரியாது. மொதோ மொதோ எனக்கு ஒரு வேல குட்த்தாங்க, அத யார்னா கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சி."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப உங்க அம்மாக்குப் படிச்சிக் காட்டறதுதான?"

"அம்மாக்குக் காட்டல."

"அதான. நாங்கதான் கெட்சோம்." ஆனால் குரல் இறங்கியிருந்தது. திரும்பிப் போய் இன்னொரு தட்டில் இரண்டு இட்லி எடுத்து வைத்துக்கொண்டு வந்து, என் எதிரே ஓசை வர வைத்தார். "துன்னு."

அந்த வடகறியில் காரம் எக்கச்சக்கம். முதல் கவளத்திலேயே எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு முட்டி, கையை நீட்டிக்கொண்டு, "மாப்ள, தண்ணி, தண்ணி" என்றேன்.

மாப்பிள்ளை செம்போடு ஓடி வந்தார். "இந்தா மச்சான், குடி. மெதுவா."

குடித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரிந்தது. தங்கை இட்லியைப் பிட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. மாப்பிள்ளை செம்பைப் பிடித்தபடி தன் அம்மாவைப் பார்த்தார். பின்னால் யாரோ, "ப்ரோ, என் பூரி இன்னா ஆச்சு ப்ரோ?" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "உன் போன எடு. உங்க அம்மா நம்பரப் போடு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேன்டீனில் அந்த நேரம் சாம்பார் இறக்குகிற நேரம். கடைசியில் அம்மா எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம்.

"இன்னாடா?"

"சம்மந்தி," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாந்தான், நசரத்பேட்டலேந்து."

பாத்திரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா எதையோ கீழே வைத்துவிட்டு ஓரமாக நடந்து போவது தெரிந்தது. சத்தம் குறைந்தது.

"சொல்லுங்க சம்மந்தி," என்றார் அம்மா.

"தட்டு மாத்தறதுக்கு உங்க ஊட்டுக்காரரு லீவ கேட்டுச் சொல்லுங்க. வர ஞாயித்துக்கெழம நாங்க எங்கியும் போவல."

"சரி சம்மந்தி." பிறகு அம்மாவுக்கு ஏதோ தட்டியது. "ஒரு நிமிஷம் சம்மந்தி. இது எம் புள்ள போனாச்சே. எம் பொண்ணு லேபுக்குன்னு சொல்லிட்டுக் காலைல இவங்கூடத்தான் போச்சி. அவ அங்கியா கீறா?"

தங்கை வேகமாகக் கையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. மாப்பிள்ளையின் அம்மா அவளையும் அவள் தட்டையும் பார்த்தார்.

"கீறா. நாலு இட்லி துன்னுட்டா," என்றார். "இன்னும் ரெண்டு வெக்கட்டான்னு கேக்கத்தான் உங்களுக்குப் போன் போட்டேன்."